ஒரு சொல் தீர்ப்பு

பள்ளியை விட்டுப் பிரியும் மாணவனுக்கு மாற்றுச் சான்றிதழ் எழுதுகிறோம். பெயர், பிறந்த நாள், படித்த வகுப்பு ஆகியவற்றைப் பதிவேட்டைப் பார்த்து எழுதிவிடலாம்; தயக்கம் இல்லை, தடுமாற்றம் இல்லை. அதே தாளில் ‘ஒழுக்கமும் பண்பும்’ என்று ஓரிடம் உண்டு. அங்கேதான் பேனா நிற்கிறது! விரல் நீளங்கூட இல்லாத அந்த இடத்தில், வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு மனிதனின் உள்ளத்தை ஒரு சொல்லில் எழுதியாக வேண்டும். எழுதுகிறோம், தலைமையாசிரியர் கையொப்பமிடுகிறார், முத்திரை விழுகிறது. மை காய்வதற்குள் அடுத்த தாள் வந்துவிடுகிறது.

ஆசிரியத் தொழிலுக்கு வந்து ஆண்டு சிலவே ஆன நமக்கும் அந்தப் பழக்கம் விரைவில் கைவந்துவிட்டது. நமது வகுப்பில் ஒரு சிறுவன். அதட்டினால் எதிர்ப்பான், எச்சரித்தால் முறைப்பான், ஒருநாள் மேசைமீதிருந்த நோட்டுகளைத் தள்ளிவிட்டு வெளியேறினான். தேர்ச்சி அறிக்கையில், ‘முரடன், அடக்கம் இல்லை’ என்று எழுதினோம். எழுதிய அதே வாரம், அந்தி வேளையில், சந்தைத் தெருவில் அவனைக் கண்டோம். தாயின் இட்டிலிக் கடையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். சில்லறை குறைகிறதென்று ஒருவர் அவன்மேல் பாய்ந்தார்; வாய்க்கு வந்தபடி வைதார். முரடன் சீறவில்லை! “மன்னிச்சிடுங்க அண்ணே” என்று கூறி, மீண்டும் எண்ணி, சரியாகக் கொடுத்தான். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த தட்டை எடுத்தான்.

எந்தச் சிறுவன் மெய்? வகுப்பிலே கண்டவனா, கடையிலே கண்டவனா? எழுதிய சொல் பொய்யா, கண்ட காட்சி பொய்யா? இந்த வினாவைச் சுமந்துகொண்டு நூல்களைப் புரட்டியபோதுதான், உளநூற் பேராசிரியர் ஒருவர் தம் வாழ்நாளையே இதற்கு ஈந்திருப்பதைக் கண்டோம். அவர் வால்டர் மிஷெல். அவர் கற்பித்ததும் கண்டறிந்ததும் என்ன என்பதைக் கூறுமுன், அவர் எந்த நோய்க்கு மருந்து தேடினார் என்பதைக் கூறிவிடுவோம்.

மனிதனுக்குப் பெயரிடுவதில் நமக்குத் தீராத ஆசை! 1936-இல் ஆல்போர்ட், ஆட்பர்ட் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், ஆங்கில அகராதி ஒன்றைப் புரட்டி, மனிதரின் இயல்பையும் நடத்தையையும் குறிக்கும் சொற்களைத் தொகுத்தனர். 17,953 சொற்கள் தேறின! தமிழ் மட்டும் இளைத்ததா? கருமி, வள்ளல், கோழை, வீரன், சோம்பேறி, வம்பன், வஞ்சகன், அப்பாவி — அடுக்கிக்கொண்டே போகலாம். சொல் இருப்பதாலேயே அச்சொல்லுக்குரிய பொருளும் மனிதனுக்குள்ளே, எலும்பைப் போல, ஈரலைப் போல, என்றும் இருந்தாக வேண்டும் என்று நம்பிவிடுகிறோம்.

“அவன் ஏன் திருடினான்?”

“அவன் திருடன், ஆகையால் திருடினான்.”

“திருடன் என்று எப்படி அறிந்தீர்?”

“அதுதான் திருடினானே!”

செக்கைச் சுற்றும் மாடு எத்தனை காதம் நடந்தாலும் செக்கடியிலேயே நிற்பதுபோல, இந்த விளக்கமும் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது. பசி இருந்ததா, பக்கத்தில் எவர் இருந்தனர், பணம் எதற்குத் தேவைப்பட்டது என்ற கேள்விகளுக்கு அங்கே இடமே இல்லை. செயலைப் பார்த்துப் பெயர் வைத்தோம். பிறகு அந்தப் பெயரையே செயலுக்குக் காரணம் என்கிறோம். ‘பிறவிக் குணம்’ என்று ஒரு பூட்டையும் அதன்மேல் தொங்கவிட்டுவிட்டால், ஆராய்ச்சிக்கு அங்கே அடைத்தாயிற்று கதவு!

அந்தக் கதவைத் தட்டியவர் மிஷெல். 1930-இல் வியன்னா நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1938-இல் இட்லரின் ஆட்சி ஆஸ்திரியாவை விழுங்கியது. எட்டு வயதுச் சிறுவனின் குடும்பம் உடைமை இழந்து, ஊர் இழந்து, உயிரைக் காத்துக்கொள்ள ஓடியது. அந்தச் சிறுவன் செய்த குற்றம் என்ன? ஒன்றும் இல்லை. அவன்மீது ஒரு சொல் இருந்தது: ‘யூதன்’. ஒரு சொல் தீர்ப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நூலிலே படித்தவரல்லர் அவர்; அதற்குத் தப்பி வந்தவர்! நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பெற்றோர் சிறு கடை நடத்தினர். மகன் படித்தார். 1956-இல் ஒகையோ மாநிலப் பல்கலைக் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். ஆர்வர்டிலும், 1962 முதல் ஸ்டான்போர்டிலும், 1983 முதல் கொலம்பியாவிலும் பேராசிரியராக இருந்தார். 2018-இல், 88 வயதில் மறைந்தார்.

இளமையில் அவர் ஆய்வு செய்த இடங்களுள் ஒன்று டிரினிடாடுத் தீவு. கரும்புத் தோட்டங்களுக்காக அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரின் வழியினரும், ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட இந்தியரின் வழியினரும் அங்கே அருகருகே வாழ்ந்தனர். இந்திய வழியினரைக் கேட்டார். “அவர்களா? இன்றைய இன்பமே பெரிது அவர்களுக்கு; நாளையைப் பற்றிய நினைப்பே கிடையாது” என்றனர். ஆப்பிரிக்க வழியினரைக் கேட்டார். “அவர்களா? காசைப் படுக்கைக்கு அடியில் திணித்து வைப்பார்கள், வாழத் தெரியாதவர்கள்” என்றனர். ஒரே முதலாளித் தோட்டத்தின் வியர்வையில் நனைந்த இரண்டு கூட்டம். ஒன்றுக்கொன்று குத்திக்கொண்ட முத்திரை இரண்டு!

இளம் ஆய்வாளர் பள்ளிக்குச் சென்றார். ஏழு முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளிடம் மிட்டாயை நீட்டினார். சிறியது வேண்டுமானால் இப்பொழுதே. பெரியது வேண்டுமானால் அடுத்த வாரம். ஊர் பேசிய பேச்சுக்கு ஒத்தாற்போல, இரு கூட்டத்தாரிடையே வேறுபாடு தெரிந்தது உண்மைதான். சாதாரண மனிதர் அங்கேயே நின்றிருப்பர், “பார்த்தீர்களா, இரத்தத்தில் ஊறியது!” என்று முழங்கியிருப்பர். மிஷெல் நிற்கவில்லை, குழந்தைகளின் வீட்டு நிலையையும் பார்த்தார். தந்தை உடன் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் சிறிய மிட்டாயை உடனே பெற்றுக்கொண்டனர். தந்தை உள்ள வீட்டுப் பிள்ளைகளிடையே காத்திருக்க விரும்பியோர் மிகுதி. அத்தகைய தந்தையில்லா வீடுகள் ஆப்பிரிக்க வழியினரிடையே அதிகம் இருந்தன. 1958-இல் வெளிவந்தது இந்த ஆய்வு. முன்பின் அறியாத ஒருவர் அடுத்த வாரம் திரும்பி வருவார், சொன்னபடி தருவார் என்று நம்பினால்தானே காத்திருக்க முடியும்? பெரியவர்களின் சொல் நிலைத்துக் காணாத குழந்தைக்கு, கைக்கு எட்டியதை வாங்கிக்கொள்வது பேராசையா, பட்டறிவா?

குணம் எனப்பட்டது நம்பிக்கையாக மாறியது. இனம் எனப்பட்டது இல்லத்தின் நிலையாக மாறியது. மிட்டாய் ஒன்று உரித்துக் காட்டிய உண்மை இது!

மிஷெல் தனியராக நிற்கவில்லை. அவருக்கு முன்பே ஆட்சோர்ன், மே என்னும் இருவர் பள்ளிக் குழந்தைகள் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைச் சோதித்து, 1928 முதல் 1930 வரை மூன்று தொகுதிகள் வெளியிட்டிருந்தனர். தேர்வில் ஏமாற்ற வாய்ப்பு, விளையாட்டில் பொய் சொல்ல வாய்ப்பு, காசு எடுக்க வாய்ப்பு எனப் பல வாய்ப்புகளைக் குழந்தைகள் முன் வைத்தனர். நேர்மையாளர் ஒரு பக்கம், ஏமாற்றுவோர் ஒரு பக்கம் என்று குழந்தைகள் அணி பிரிந்தனரா? இல்லை! விடைத்தாளில் ஏமாற்றியவன் காசைத் தொடவில்லை. காசைத் தொட்டவன் விளையாட்டில் மெய் பேசினான். ஓரிடத்து நேர்மைக்கும் மற்றோரிடத்து நேர்மைக்கும் இருந்த தொடர்பு மெல்லிய நூலாகவே இருந்தது.

நைசீரியா நாட்டுப் பள்ளிகளில் பாடம் நடத்த அமெரிக்க அமைதிப் படை இளைஞர்களை அனுப்பியபோது, எவர் நல்லாசிரியர் ஆவார் என்று முன்கூட்டியே கணிக்க வல்லுநர்கள் நேர்காணல் நடத்தினர், மதிப்பெண் இட்டனர். பின்னர் அந்த இளைஞர் களத்தில் பணியாற்றிய விதத்தோடு மிஷெல் அதை ஒப்பிட்டார். வல்லுநரின் மதிப்பீடு பெரிதும் பயன்படவில்லை! தம்மைப் பற்றி இளைஞர்கள் தாமே எழுதித் தந்த எளிய விடைகள் அதைவிட மேலாக இருந்தன. 1965-இல் வெளியான இந்த முடிவு, ஆசிரியராகிய நமக்குச் சிரிப்பையும் தருகிறது, சிந்தனையையும் தருகிறது.

இவற்றையெல்லாம் திரட்டி 1968-இல் ‘ஆளுமையும் மதிப்பீடும்’ என்ற நூலை எழுதினார். ஒருவரின் குணத்தைக் கேள்வித் தாளால் அளந்து, அதைக் கொண்டு குறிப்பிட்ட ஓரிடத்தில் அவர் செய்யப்போவதைக் கணித்தால், முழுப் பொருத்தத்தை 1 எனக் கொள்ளும் அளவுகோலில், அது 0.30-ஐத் தாண்டுவது அரிது என்று எடுத்துக்காட்டினார். புயல் கிளம்பியது! “ஆளுமை என்பதே இல்லை என்கிறார் இவர்” என்று சீறினர் சிலர். சீற்றத்தோடு நில்லாமல் சான்றோடு வந்தவரும் உண்டு. எப்ஸ்டைன் என்பார் 1979-இல், ஒரு நாள் செயலைக் கொண்டு மறுநாள் செயலைக் கணிக்க முடியாவிட்டாலும், பல நாட்செயல்களின் சராசரியை எடுத்தால் ஆளுக்கு ஆள் நிலையான வேறுபாடு உண்டு என்று காட்டினார். அதை மறுப்பதற்கில்லை. பொதுவாகப் பேச்சு மிகுந்தவர் உண்டு, பேச்சுக் குறைந்தவர் உண்டு. பதறுவோர் உண்டு, பதறாதோர் உண்டு. ஆனால் சராசரி எதைக் காட்டும், எதை மறைக்கும்? ஓராண்டு மழையைச் சராசரியாகக் கூறினால், சித்திரையில் வெடித்த நிலமும் ஐப்பசியில் நிறைந்த ஏரியும் அதில் தெரியுமோ?

மிஷெல் ஆளுமையை மறுத்தவரல்லர். அதை வேறோர் இடத்தில் தேடியவர். தேடிக் கண்ட இடம், நியூ ஆம்ப்சயர் மாநிலத்தில் இருந்த வெடிக்கோ என்னும் கோடை முகாம். வீட்டிலும் பள்ளியிலும் ‘தொல்லை’ என்று பெயர் வாங்கிய சிறுவர்கள் அங்கே ஆறு வாரம் தங்கினர். மிஷெலும், அவருடைய மாணவர் யூச்சி ஷோடாவும், ரைட் என்னும் ஆய்வாளரும் சேர்ந்து செய்த ஆய்வில், ஒவ்வொரு சிறுவனும் சராசரியாக 167 மணி நேரம் கண்காணிக்கப்பட்டான். ‘இவன் எத்தனை முறை சண்டையிட்டான்’ என்று மட்டும் எண்ணவில்லை. ‘எது நேர்ந்தபோது சண்டையிட்டான்’ என்று எண்ணினர். தோழன் நட்போடு அணுகியபோது, தோழன் கேலி செய்து சீண்டியபோது, பெரியவர் பாராட்டியபோது, பெரியவர் எச்சரித்தபோது, பெரியவர் தண்டித்தபோது — ஐந்து சூழல்கள்.

கண்டது என்ன? மொத்தக் கணக்கில் இரண்டு சிறுவர் சமமாக முரடர். ஒருவன் தோழர் சீண்டும்போது சீறுகிறான். பெரியவர் எச்சரித்தால் அடங்குகிறான். மற்றவன் தோழரின் கேலியைப் பொறுக்கிறான். பெரியவர் எச்சரித்தால் வெடிக்கிறான். ‘முரடன்’ என்ற ஒரே சொல் இருவருக்கும் பொருந்தும். இருவரையும் அறியப் பயன்படாது! வியப்பு யாதெனில், இந்த ஏற்றத் தாழ்வு தற்செயலன்று. வாரம் மாறினாலும், அதே சூழல் வந்தால் அதே சிறுவன் பெரும்பாலும் அதே வகையில் நடந்துகொண்டான். ‘இது நேர்ந்தால், இது செய்வான்’ என்னும் கோலம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே இருந்தது. அதற்கு நடத்தைக் கையொப்பம் என்று பெயரிட்டார்கள். 1994-இல் இந்த ஆய்வு வெளிவந்தது. அடுத்த ஆண்டு மிஷெலும் ஷோடாவும் அதன்மீது தம் ஆளுமைக் கோட்பாட்டை எழுப்பினர்.

சான்றிதழில் நாம் இடுவதும் கையொப்பம்தான். அது நம்முடையது. மாணவனின் கையொப்பத்தைப் படிக்க நாம் கற்றுக்கொள்ளவே இல்லை!

இந்தக் கல்வி வகுப்பறையோடு நிற்பதன்று. உறவு என்பது என்ன? இருவர் ஒருவருக்கொருவர் சூழலாக ஆகிவிடுவதே உறவு. கணவனின் மௌனம் மனைவிக்கு ‘இது நேர்ந்தால்’. அவளுடைய கடுஞ்சொல் அவனுக்கு ‘இது நேர்ந்தால்’. அவள் சினந்ததால் அவன் வாய்மூடினான். அவன் வாய்மூடியதால் அவள் சினந்தாள். அவனைக் கேட்டால் ‘சிடுசிடுப்புக்காரி’ என்பான். அவளைக் கேட்டால் ‘கல்நெஞ்சன்’ என்பாள். இருவரும் ஒரு சொல் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டனர். தம் செயலே எதிரிலிருப்பவரின் சூழல் என்பது மட்டும் இருவர் கண்ணிலும் படவில்லை!

கொலம்பியாவில் மிஷெலோடு சேர்ந்து உழைத்தவர் பேராசிரியை செரால்டின் டௌனி. அன்புக்குரியவர் தம்மை ஒதுக்கிவிடுவாரோ என்று அஞ்சி அஞ்சி எதிர்பார்ப்பவர்களை அவர் ஆராய்ந்தார். அப்படிப்பட்டவர், தெளிவற்ற ஒரு சிறு குறியிலும் புறக்கணிப்பைக் கண்டுவிடுகிறார். கண்டவுடன் அளவு மீறிப் பதறுகிறார், அல்லது சினக்கிறார். காதலர் இணைகளைப் பார்த்து 1998-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த அச்சம் மிகுந்த பெண்கள், பூசல் பற்றிப் பேசும்போது நடந்துகொண்ட விதமே துணைவரின் சினத்தை வளர்த்தது என்று கண்டனர். அச்சம் மிகுந்தவர்களின் உறவு ஓராண்டுக்குள் முறிவதும் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. எதை அஞ்சினாரோ, அதையே அச்சம் அழைத்து வந்தது! அவர் எல்லோரிடமும் சினப்பவரல்லர். எல்லா நேரமும் சினப்பவரல்லர். ‘ஒதுக்கப்படுகிறேன்’ என்று தோன்றும் அந்த நேரத்தில் மட்டும். ‘சினக்காரி’ என்ற சொல் அந்த நேரத்தையும் மறைத்துவிடுகிறது, அந்த அச்சத்தையும் மறைத்துவிடுகிறது.

இந்த அச்சம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும், முன்பு உண்மையாகவே ஒதுக்கப்பட்ட பட்டறிவிலிருந்து. தனி மனிதருக்கு மட்டுமா இது? 2002-இல் மென்டோசா டென்டன், டௌனி முதலியோர் வெளியிட்ட ஆய்வு மேலும் ஒரு படி சென்றது. வெள்ளையர் பெரும்பான்மையாகப் பயிலும் பல்கலைக் கழகத்தில் நுழைந்த கறுப்பின மாணவர்களை அவர்கள் பின்தொடர்ந்தனர். நிறத்தின் காரணமாக ஒதுக்கப்படுவோம் என்ற எதிர்பார்ப்பு மிகுந்தவர்கள், அந்த நிறுவனத்தில் தாம் உரியவர் என்ற உணர்வு குறைந்தவராயினர். ஆண்டு செல்லச் செல்ல அவர்களின் மதிப்பெண்ணும் சரிந்தது. ‘ஆர்வம் இல்லாதவன், ஒட்டாதவன்’ என்று எவரேனும் அந்த மாணவனைப் பற்றி எழுதினால், எழுதப்பட்டது யாருடைய குணம்? தலைமுறை தலைமுறையாகக் கதவை அறைந்து சாத்திய ஒரு சமுதாயத்தின் குணமன்றோ அது! ஆறாத புண்ணைத் தொட்டால் உதறுகிறது கை. உதறும் கையைத் துடுக்கென்று சொல்வதோ?

இனி, மிஷெலின் பெயரை உலகெங்கும் பரப்பிய சோதனைக்கு வருவோம். ஸ்டான்போர்டுப் பல்கலைக் கழகத்தின் பிங் மழலைப் பள்ளி. 1960-களின் இறுதியிலும் அடுத்த சில ஆண்டுகளிலும் ஐந்நூறுக்கு மேற்பட்ட குழந்தைகள் அங்கே இந்தச் சோதனைகளில் பங்கு கொண்டனர். தட்டில் ஓர் இனிப்பு. மார்ஷ்மெல்லோ என்னும் மெத்தென்ற வெண்பண்டமோ, வேறு தின்பண்டமோ. “இப்போதே வேண்டுமானால் மணியை அடி, ஒன்று கிடைக்கும், நான் திரும்பும் வரை காத்திருந்தால் இரண்டு கிடைக்கும்.” ஆய்வாளர் அறையை விட்டுச் செல்வார். குழந்தை தனியே! கண்ணைப் பொத்திக்கொண்டவை உண்டு. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டவை உண்டு. பாட்டுப் பாடியவை உண்டு.

அக்குழந்தைகள் வளர்ந்த பின் மிஷெலும் கூட்டாளிகளும் சிலரைத் தேடி விசாரித்தனர். நெடுநேரம் காத்திருந்தவர்களில் பலர் கல்லூரி நுழைவுத் தேர்வில் கூடுதல் மதிப்பெண் பெற்றிருந்தனர் என்று 1990-இல் எழுதினர். போதாதா உலகுக்கு? ‘காத்திருக்கும் குழந்தை வெல்லும், காத்திராத குழந்தை வீழும்’ என்று பறை முழங்கியது. இனிப்பைத் தின்னாதே என்று பொறித்த சட்டைகூடப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தைக்கப்பட்டது! முத்திரையை உடைக்கப் புறப்பட்டவரின் சோதனையே புதிய முத்திரை ஆயிற்று. நான்கு வயதில் ஒரு தட்டின் முன்னே ஒரு சொல் தீர்ப்பு! அறிஞர் ஒருவருக்கு இதைவிடக் கொடுமை வேறென்ன வேண்டும்?

அவர் கண்டதன் சாரம் வேறு. இனிப்பை மூடி வைத்தால் குழந்தைகள் நெடுநேரம் காத்திருந்தனர். திறந்து வைத்தால் விரைவில் மணியை அடித்தனர். சுவையை நினைத்துக்கொள் என்றால் தோற்றனர். அதை மேகம் என்று எண்ணு, சட்டமிட்ட படம் என்று எண்ணு என்றால் பொறுத்தனர். பொறுமை ஒரு திறம். கற்றுக்கொள்ளலாம், கற்றுத் தரலாம் என்பதே அவருடைய பாடம். பின்வந்தோர் அதை மேலும் தெளிவாக்கினர். ராச்செஸ்டர் பல்கலைக் கழகத்தில் 2013-இல் செலஸ்டி கிட் முதலியோர் 28 குழந்தைகளைச் சோதித்தனர். சோதனைக்கு முன்பே, பாதிப் பேருக்கு நல்ல வண்ணக் கோல்கள் தருவதாகச் சொல்லித் தந்தனர். மற்றப் பாதிக்குச் சொல்லி ஏமாற்றினர். பிறகு இனிப்பு வந்தது. சொல் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தன. ஏமாற்றப்பட்டவை 3 நிமிடம்! குழந்தையை அளக்க வைத்த தட்டு, பெரியவர்களின் வாய்மையை அளந்துவிட்டது. 2018-இல் வாட்சு முதலியோர் 918 பிள்ளைகளைப் பற்றிய விவரங்களை ஆராய்ந்தபோது, காத்திருத்தலுக்கும் பிற்கால வெற்றிக்கும் உள்ள தொடர்பு முன்பு கண்டதில் பாதியளவே இருந்தது. குடும்ப நிலை முதலியவற்றையும் கணக்கில் கொண்டபோது, அதிலும் மூன்றில் இரண்டு பங்கு மறைந்தது. டிரினிடாடில் தொடங்கிய பாதை, அறுபது ஆண்டு சுற்றி, மீண்டும் வீட்டு வாயிலுக்கே வந்து நின்றது.

இங்கே ஒருவர் எழுந்து கேட்பார், கேட்கத்தான் வேண்டும்: “எல்லாம் சூழலே என்றால், எவன்தான் குற்றவாளி? கொலைகாரனும் சூழலைக் காட்டுவானே! பொறுப்பு என்ற சொல்லையே அகராதியிலிருந்து எடுத்துவிடலாமோ?”

பொருளுள்ள கேள்வி. இதற்கு விடையாக மிஷெலின் வாழ்விலிருந்தே ஒரு நிகழ்ச்சி. அவர் ஒரு நாளைக்கு மூன்று பெட்டி சிகரெட்டு ஊதியவர். தன்னடக்கத்தை ஆராய்ந்தவருக்கே தன்னடக்கம் இல்லை! ஸ்டான்போர்டு மருத்துவமனையில் ஒருநாள், நுரையீரற் புற்று உடலெங்கும் பரவிய ஒருவரைச் சக்கரப் படுக்கையில் தள்ளிச் செல்லக் கண்டார். மழித்த தலை, வெற்று மார்பு, கதிர் பாய்ச்ச வேண்டிய இடங்களில் பச்சை மையால் இட்ட குறிகள். அந்தக் காட்சி அவரை உலுக்கியது. அதன் பின், சிகரெட்டின் ஆசை எழும்போதெல்லாம் அந்த மனிதரை மனக்கண்முன் நிறுத்திக்கொண்டார், புகையை விட்டார். ‘ஆசை எழுந்தால், பற்ற வைப்பேன்’ என்றிருந்த கோலத்தை, ‘ஆசை எழுந்தால், அவரை நினைப்பேன்’ என்று தாமே மாற்றி எழுதினார்.

ஆகவே பொறுப்பு போய்விடவில்லை. அது இரண்டாகப் பிரிந்தது. ‘இது நேர்ந்தால்’ என்பதன் பொறுப்பு, அதை நேரச் செய்கிற நம் எல்லோருக்கும் உரியது. ‘இது செய்வேன்’ என்பதன் பொறுப்பு, செய்கிறவனுக்கு உரியது. அதை அவன் திருத்தி எழுதலாம், எழுதக் கற்றுத் தரவும் வேண்டும். காரணம் கூறுவது மன்னிப்பு வழங்குவதாகாது. நோய் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் மருத்துவரை, நோய்க்குத் துணைபோகிறவர் என்பார் உண்டோ?

ஆனால் நாம் செய்வது என்ன? ஸ்டான்போர்டில் இருந்த மற்றொரு பேராசிரியர் லீ ராசு 1977-இல் ஒரு தவறுக்குப் பெயரிட்டார்: பிறர் செயலுக்குச் சூழலை மறந்து குணத்தையே காரணமாகக் கூறும் அடிப்படைத் தவறு. பிறன் காலம் தாழ்ந்து வந்தால் சோம்பேறி. நாம் தாழ்ந்து வந்தால் பேருந்து வரவில்லை! ஏழை கடன் பட்டால் ஊதாரி. செல்வன் கடன் பட்டால் வணிகத்தில் நெருக்கடி! துலாக்கோலை நாமே பிடித்துக்கொண்டு, நம் தட்டில் சூழலையும் பிறர் தட்டில் குணத்தையும் வைக்கிறோம். அறம் வேண்டுவது இதன் மறுதலை. பிறரை எடைபோடும்போது சூழலைத் தேடு; உன்னை எடைபோடும்போது சூழலுக்குள் ஒளியாதே. எடைபோடும் அதிகாரம் எவனிடம் உண்டோ, அவனுக்கு இந்தக் கடமை இரு மடங்கு. ஆசிரியனிடம் அந்த அதிகாரம் உண்டு.

இட்டிலிக் கடைச் சிறுவனிடம் திரும்புவோம். நூலை மூடிய பிறகு, நமது வகுப்பே ஒரு முகாம் என்று எண்ணி, அவனைச் சில வாரம் கவனித்தோம். எது நேர்ந்தால் சீறுகிறான்? தோழர் இடித்தால் சிரிக்கிறான். கணக்குத் தவறு என்றால் திருத்துகிறான். பிந்தி வந்ததற்கு வெளியே நில் என்றால் நிற்கிறான். ஒரே ஓர் இடத்தில்தான் அவன் கண் சிவந்தது: “உன் அப்பன் எப்படியோ அப்படித்தானே நீயும் இருப்பாய்!” என்ற சொல் விழுந்தபோது. அவன் தந்தை குடும்பத்தை விட்டு எங்கோ போய்விட்டவர். அந்தச் சொல்லைச் சொன்னவர் யார்? வேறெவருமல்லர், நாம்தான்! அதட்டுதலின் வாலாக, வழக்கமாக, நினைப்பே இன்றி, அந்தச் சொல்லை நாம் எறிந்துகொண்டிருந்தோம். கடைக்கு வந்தவர் வைதார். அவன் தந்தையை இழுக்கவில்லை. நாம் இழுத்தோம். அவனது ‘இது நேர்ந்தால்’ நமது நாவில் இருந்தது. தேர்ச்சி அறிக்கையில் ‘முரடன்’ என்று எழுதினோமே, அந்தச் சொல்லில் பாதி நம்மைப் பற்றியது!

அந்தச் சொல்லை விட்டோம். அவன் வானவன் ஆகிவிட்டான் என்று கதை முடிக்க மாட்டோம். இன்னும் கோபம் வருகிறது அவனுக்கு, வீட்டுப்பாடம் இன்னும் பாதியில் நிற்கிறது. ஆனால் நோட்டுகள் மேசையிலேயே இருக்கின்றன. சென்ற வாரம், வகுப்பு முடிந்ததும் அருகே வந்து, புரியாத கணக்கொன்றைக் கேட்டான்.

ஆண்டு முடிவில் மீண்டும் தாள்கள் வரும். ‘ஒழுக்கமும் பண்பும்’ என்ற இடம் விரல் நீளங்கூட இல்லாமலேயே இருக்கும். அங்கே ஒரு சொல்தான் எழுத முடியும், எழுதுவோம். எழுதுமுன் மூன்று வினாக்களை நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். எங்கே கண்டோம் இதை? எது நேர்ந்தபோது கண்டோம்? அதை நேரச் செய்தவர் யார்? மூன்றாவது வினாவுக்கு விடை தேடும்போது, தாளில் இருக்கும் பெயர் மறைந்து, பேனா பிடித்த கை தெரியுமானால், அன்று நாம் ஒழுக்கத்தைப் பற்றி எழுதத் தகுதி பெற்றவர் ஆவோம்!